குவளைக்குக் காவல் வைத்த கம்பெனி

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில், வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்ற மாபெரும் கேளிக்கை ஸ்தலம் இருக்கிறது. 1971 அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்டது. நான்கு பெரிய பூங்காக்கள், நீர் விளையாட்டுப் பூங்காக்கள், கடைகள், இவற்றோடு கம்பெனியின் சொந்த ஹோட்டல்கள் இருபத்தைந்துக்கு மேல். உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் குழந்தை குட்டிகளுடன் வந்து தங்குகிறார்கள். அந்த ஹோட்டல்களில் ஒரு பிளாஸ்டிக் குவளையை விற்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் குவளையைப் பற்றியது.

"உலகத்தில் எத்தனையோ பிரச்னைகள் இருக்க, பணக்கார நாட்டு உல்லாசப் பயணிகளின் குவளையைப் பற்றி எழுத வேண்டுமா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒரு பெரிய கம்பெனி தன்னிடம் வருகிறவனை எப்படிப் பார்க்கிறது, தன்னிடம் உழைக்கிறவனை எப்படிப் பார்க்கிறது, "இலவசம்" "வரம்பில்லாதது" என்ற சொற்களை எப்படிப் புரட்டுகிறது என்பதை இந்தச் சின்னக் குவளைக்குள் பார்த்துவிடலாம்.

குவளையின் சட்டதிட்டங்கள்

முதலில் விஷயம் என்ன என்று தெரிந்துகொள்வோம்.

குவளை அரை லிட்டர் சுமாருக்குப் பிடிக்கும். விலை இப்போது 20 டாலருக்கு மேல், வரி தனி. இதை வாங்கியவர் அந்த ஹோட்டலில் தங்கியிருக்கும் நாள் வரையில், சாப்பாட்டுக் கூடத்தில் வைத்திருக்கும் பான யந்திரங்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். கொக்கோ கோலா வகைப் பானங்கள், காப்பி, தேநீர் எல்லாம் உண்டு. "வரம்பில்லாமல் நிரப்பிக்கொள்ளுங்கள்" என்பதுதான் விற்பனைக் கோஷம்.

ஆனால் வரம்பில்லாத இந்த வசதியைச் சுற்றி எத்தனை வேலிகள் என்று பாருங்கள்.

முதல் வேலி, இடம். குவளை கம்பெனியின் ஹோட்டல்களில் செல்லும். நான்கு பெரிய பூங்காக்களுக்குள் செல்லாது. ஜனங்கள் பகல் முழுவதும் எங்கே இருக்கிறார்கள்? பூங்காவில் இருக்கிறார்கள். கோடையில் 32, 33 டிகிரி வெயில் காயும்போது நாக்கு வறண்டு நிற்பது எங்கே? பூங்காவில்தான். அங்கே இந்தக் குவளை வெறும் பிளாஸ்டிக். காலையில் புறப்படுமுன் ஒரு முறை, இரவில் களைத்துத் திரும்பியபின் ஒரு முறை. இவ்வளவுதான் பெரும்பாலோருக்கு அதன் உபயோகம்.

இரண்டாவது வேலி, காலம். ஹோட்டலைக் காலி செய்யும் நாளோடு குவளையின் உரிமை முடிந்தது. அடுத்த ஆண்டு அதே குடும்பம், அதே ஹோட்டலுக்கு, அதே குவளையோடு வந்தாலும் யந்திரம் ஒரு சொட்டுக்கூடத் தராது. மறுபடியும் 20 டாலர் கொடுத்துப் புதுக் குவளை வாங்க வேண்டும்.

மூன்றாவது வேலி, யந்திரக் காவல். 2013-ஆம் ஆண்டளவில் கம்பெனி இந்தக் குவளைகளின் அடியில் ஒரு சின்னஞ்சிறு சிப்பைப் பதித்தது. வானொலி அலை மூலம் அது யந்திரத்தோடு பேசும். குவளையைக் குழாய்க்கு அடியில் வைத்ததும், "இந்த ஆசாமி பணம் கட்டியவனா? எத்தனை நாள் பாக்கி இருக்கிறது?" என்று யந்திரம் விசாரிக்கிறது. கணக்குச் சரியாக இருந்தால் பானம் வரும். இல்லாவிட்டால் குழாய் மூடியபடியே இருக்கும்.

பக்கத்திலேயே போட்டிக் கம்பெனியான யூனிவர்சலின் பூங்காக்கள் இருக்கின்றன. அங்கும் இதே கதைதான். பூங்காவில் விற்கும் சிப் வைத்த குவளை, வாங்கிய நாளுக்கு மட்டும் செல்லும். ஒரு முறை நிரப்பினால் அடுத்த முறைக்குச் சுமார் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்தக் கம்பெனியின் ஹோட்டலில் விற்கும் குவளை வேறு. அது பூங்காவில் செல்லாது, பூங்காக் குவளை ஹோட்டலில் செல்லாது. முதலாளி ஒருவர், தண்ணீர் ஒன்று, குவளை மட்டும் இரண்டு!

சரக்கு என்ன, விலை என்ன?

இவ்வளவு காவல் போடுகிறார்களே, உள்ளே இருப்பது அமிர்தமா?

இந்த யந்திரங்களின் வேலை ரகசியமானதல்ல. பெட்டிக்குள் ஒரு பை; அந்தப் பையில் கெட்டியான இனிப்புப் பாகு. ஒரு பங்கு பாகுக்கு ஐந்து பங்கு சோடாத் தண்ணீர் என்ற கணக்கில் யந்திரம் கலந்து கொடுக்கிறது. அதாவது குவளையில் விழுவதில் ஆறில் ஐந்து பங்கு தண்ணீர். வழக்கமான ஒரு பெட்டியில் சுமார் 19 லிட்டர் பாகு இருக்கும். அதிலிருந்து சுமார் 113 லிட்டர் பானம் கிடைக்கும். அரை லிட்டர் அளவில் ஊற்றினால் இருநூறு தடவைக்கு மேல் வரும். ஐஸ் கட்டி போட்டால் இன்னும் கூடும்.

இதே பானத்தை ஒரு தடவைக்குக் காகிதக் கோப்பையில் வாங்கினால் அங்கே நாலு, ஐந்து டாலர் ஆகிறது. இருநூறு தடவையை நாலு டாலரால் பெருக்கிப் பாருங்கள். ஒரு பெட்டிப் பாகும் குழாய்த் தண்ணீரும் சேர்ந்து 800 டாலருக்கு மேல் போகிறது. கம்பெனிக்குப் பாகு வாங்கும் செலவு இருக்கிறது, கோப்பை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, ஊழியர் கூலி இருக்கிறது. இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் குடிக்கிறவன் கொடுக்கும் விலைக்கும் கோப்பையில் விழும் சரக்குக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது இதிலேயே தெரிகிறது.

"ஆற்றிலே போகிற தண்ணீரை ஐயா குடி, அம்மா குடி" என்று உபசரிப்பவனை நம் ஜனங்கள் கேலி செய்வார்கள். தனக்குச் செலவில்லாததைத் தாராளமாகக் கொடுப்பவன் என்று அர்த்தம். இந்தக் கம்பெனியிடம் அந்தத் தாராளம்கூட இல்லை. ஆற்றுத் தண்ணீருக்கும் கதவு போட்டுப் பூட்டி, பூட்டுக்கு யந்திர மூளையும் வைத்திருக்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதுபோல, சரக்கைவிட அதைக் காக்கும் ஏற்பாடுதான் பெரிதாக நிற்கிறது.

டிஸ்னி கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களை "வாடிக்கைக்காரர்" என்று சொல்லுவதில்லை. "விருந்தினர்" என்றுதான் சொல்லும். ஊழியர்களை "ஊழியர்" என்று சொல்லாது; நாடகத்தில் வேஷம் போட்டவர்களைப் போல "நடிகர் குழுவினர்" என்று சொல்லும். சொல் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் விருந்துக்கு அழைத்தவன், விருந்தாளியின் குவளையை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பானா?

ஐந்து முறை குடித்தால்தான் முதல் தேறும்

இந்தத் திட்டத்தில் பணத்தைவிட மோசமான இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஒரு தடவைக் கோப்பை நாலு, ஐந்து டாலர். குவளை 20 டாலருக்கு மேல். அப்படியானால் ஐந்து தடவையாவது நிரப்பினால்தான் போட்ட பணம் தேறும். குவளை வாங்கிய ஒவ்வொரு குடும்பமும் இந்தக் கணக்கைப் போடாமல் இருக்காது. போட்டதும் என்ன ஆகிறது? தாகம் எடுத்தால் குடிப்பது என்ற இயற்கையான விதி போய்விடுகிறது. காசு தேறுவதற்காகக் குடிப்பது என்ற புது விதி வந்துவிடுகிறது. குழந்தை "போதும்" என்றாலும், "வாங்கியாச்சு, இன்னொன்று நிரப்பிக்கொள்" என்று தகப்பன் சொல்லுகிறான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? விலைப் பட்டியல் அல்லவா அவனை அப்படிப் பேச வைக்கிறது!

அமெரிக்காவில் விற்கும் கொக்கோ கோலா 355 மில்லி லிட்டர் டப்பா ஒன்றில் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. அரை லிட்டர் சுமாருக்கு நிரப்பினால் ஐம்பது கிராமைத் தாண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் கூறிய யோசனைப்படி, சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாள் உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். வயது வந்த ஒருவருக்கு இது ஏறக்குறைய ஐம்பது கிராம். அதாவது ஒரே ஒரு குவளையில் ஒரு நாள் கணக்கு முடிந்துவிட்டது. ஐஸ் கட்டி போட்டுக் குறைத்தாலும், இரண்டாவது குவளையில் எல்லை தாண்டிவிடும். சர்க்கரை இல்லாத பானமும், காப்பியும், தேநீரும் அதே இடத்தில் இருக்கின்றன என்பது வாஸ்தவம். ஆனால் குழந்தைகள் எதை நோக்கி ஓடுவார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியாதா?

இந்தக் கேட்டைச் சில நாட்டு சர்க்கார்கள் கண்டுகொண்டிருக்கின்றன. 2017 ஜனவரியில் பிரான்ஸ் தேசம், உணவு விடுதிகளில் இனிப்புப் பானங்களை வரம்பில்லாமல் இலவசமாக நிரப்பித் தருவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2025 அக்டோபரில் இங்கிலாந்தும் அதே வழியில் நடவடிக்கை எடுத்தது. அமெரிக்காவிலோ 1980-களின் இறுதியிலிருந்து பெரிய துரித உணவகங்களில் இலவச மறுநிரப்பு பழக்கமாகிவிட்டது. சாப்பிட வந்தவன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்வது அங்கே சாதாரணம். நாடெங்கும் சாதாரணக் கடை சும்மா தருகிற அதே வசதியைத்தான் இந்த ஹோட்டல்கள் 20 டாலர் குவளையாக மாற்றி, ஞாபகார்த்தப் பொருள் என்ற பெயரில் விற்கின்றன.

குடிக்கிறவர்களுக்குள் சண்டை

சிப் வருமுன் நிலைமை வேறு. அப்போது யந்திரத்துக்குக் கண் இல்லை; ஓர் அறிவிப்புப் பலகை மட்டும் இருந்தது. சென்ற வருஷக் குவளையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து நிரப்பியவர்கள் உண்டு. அதைப் பார்த்து, "நாங்கள் பணம் கொடுத்து வாங்கினோம், இவர்கள் திருடுகிறார்கள்" என்று கொதித்தவர்களும் உண்டு. ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, பழைய குவளையை நிரப்புவது பாவமா இல்லையா என்று வருஷக் கணக்கில் வாதாடிக்கொண்டார்கள்.

விதியை மீறி நிரப்பியது சரி என்று நாம் வாதாட வரவில்லை. தங்கும் நாள் வரையில்தான் என்று சொல்லி விற்றதை அதற்கு மேல் பயன்படுத்துவது ஒப்பந்தத்துக்கு விரோதம்தான். ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். அரை லிட்டர் சோடாத் தண்ணீர் போய்விட்டதே என்று ஒரு பயணி இன்னொரு பயணியின் முகத்தைப் பார்த்துச் சீறினானே, அவனுக்கு அதனால் என்ன நஷ்டம்? அவன் குவளையில் ஒரு சொட்டுக் குறைந்ததா? பழைய குவளைகளைத் தடுத்துவிட்டால் அவனுக்கு விலை குறையும் என்று யாராவது வாக்களித்தார்களா? சிப் வந்தது, பழைய குவளை நின்றது, "திருட்டு" ஒழிந்தது. விலை குறைந்ததா? இல்லை. ஏறிக்கொண்டுதான் போயிற்று. அப்படியானால் திருட்டினால்தான் விலை உயர்கிறது என்ற பேச்சு எங்கே போயிற்று?

நாள் கணக்கு விஷயத்தையும் பாருங்கள். சிப் வந்த ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு ஒரு விலை, இரண்டு நாளைக்கு ஒரு விலை என்று தங்கும் நாளுக்குத் தகுந்தபடி விலை வைத்தார்கள். யந்திரத்துக்கு நாளை எண்ணத் தெரியும் என்பதால் அது சாத்தியமாயிற்று. பிறகு அந்தக் குறைந்த விலைகள் போயின; தங்கும் காலம் முழுவதற்கும் ஒரே விலை நின்றது. பத்து நாள் தங்கும் வசதியுள்ளவனுக்கும் அதே 20 டாலர். கடன் வாங்கி இரண்டு இரவு மட்டும் குழந்தைகளை அழைத்து வந்தவனுக்கும் அதே 20 டாலர். நாளை எண்ணும் சாமர்த்தியம் உரிமையை முடிப்பதற்கு மட்டும் பயன்படுகிறது. விலையைக் குறைப்பதற்குப் பயன்படுவதில்லை. யாருக்காக இந்த விஞ்ஞானம் வேலை செய்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொரு பக்கம், ஒரு நல்ல, உறுதியான குவளை பயணம் முடிந்ததும் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது, அல்லது குப்பைக்குப் போகிறது. பல வருஷம் உழைக்கக்கூடிய பொருளை ஒரு வாரத்தில் செத்த பொருளாக்குவது அதன் அடியிலிருக்கும் கடுகளவு சிப். காகிதக் கோப்பையைத் தவிர்த்துப் பூமியைக் காக்கிறோம் என்று மறுநிரப்புக் குவளைக்குப் பெருமை பேசலாம். நிரப்ப மறுக்கிற குவளையால் எந்தப் பூமியைக் காப்பது?

தீவு போன்ற நிலம்

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே! வேண்டுமென்றால் வாங்கு, வேண்டாமென்றால் விடு" என்று கம்பெனியின் வக்கீல்கள் சொல்லுவார்கள். சந்தையில் பத்துக் கடை இருந்தால் இந்தப் பேச்சு பொருந்தும். இங்கே நிலைமை என்ன?

1964, 65-ஆம் ஆண்டுகளில் டிஸ்னி கம்பெனி தன் பெயரை மறைத்து, பல பினாமிக் கம்பெனிகள் மூலம் இங்கே நிலம் வாங்கிக் குவித்தது. ஏறத்தாழ 27,000 ஏக்கர். 1967-இல் மாநில சட்டசபை அந்தப் பிரதேசத்துக்கென்று தனி நிர்வாக மாவட்டமே அமைத்துக் கொடுத்தது. சாலை போடுவது, கட்டடம் கட்ட அனுமதி தருவது எல்லாம் கம்பெனியின் பிடிக்குள் இருந்த மாவட்டம் செய்தது. 2023-இல் மாநில சர்க்கார் அந்த மாவட்டத்தின் பெயரையும் நிர்வாகக் குழுவையும் மாற்றியது. ஆனால் நிலம் கம்பெனியுடையது, ஹோட்டல் கம்பெனியுடையது, ஹோட்டலிலிருந்து பூங்காவுக்குப் போகும் பஸ்ஸும் கம்பெனியுடையது என்ற நிலைமை மாறவில்லை. சொந்தக் கார் இல்லாமல் வந்தவன் வெளிக்கடைக்கு நடந்து போய் ஒரு பாட்டில் வாங்க முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் "வேண்டாமென்றால் விடு" என்பது, தீவில் இறக்கிவிட்டு "பிடிக்காவிட்டால் போய்க்கொள்" என்பதைப் போன்றது.

கம்பெனிக்கு நியாயம் செய்யும் முறையில் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். பூங்காக்களுக்குள் சொந்தத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுபோக டிஸ்னி அனுமதிக்கிறது. பானம் ஊற்றித் தரும் உணவுக் கவுண்டர்களில் கேட்டால், ஒரு கோப்பை ஐஸ் தண்ணீரைக் காசில்லாமல் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இது கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கிற நல்ல காரியம். குவளையின் விளம்பரம் சாப்பாட்டுக் கூடத்தில் கண்ணைப் பறிக்கிற இடத்தில் நிற்கிறது. காசில்லாத தண்ணீருக்கு அப்படிப்பட்ட விளம்பரம் ஏன் இல்லை?

நீண்ட நாள் தங்கி, காலை மாலை காப்பியும் தேநீரும் குடிக்கிறவருக்குக் குவளை லாபமாகவும் இருக்கக்கூடும். அதையும் மறுக்கவில்லை. கம்பெனி விற்கும் உணவுத் திட்டத்தைப் பணம் கட்டி எடுத்தவர்களுக்குக் குவளையும் அதோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. ஆனால் சிலருக்கு லாபம் என்பது, எல்லோருக்கும் போட்ட விதி நியாயம் என்பதற்கு அத்தாட்சியாகாது.

யந்திரத்தின் பின்னால் நிற்பவர்கள்

பாகுப் பெட்டி தானாக வந்து யந்திரத்தில் மாட்டிக்கொள்வதில்லை. சிந்திய இனிப்புத் தண்ணீர் தானாகத் துடைபடுவதில்லை. "என் குவளை ஏன் வேலை செய்யவில்லை?" என்று கோபத்தோடு வருகிற பயணிக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லுவது யந்திரமல்ல. விதியைப் போடுகிறவர் மாடியில் இருக்கிறார். வசவை வாங்குகிறவர் கவுண்டரில் நிற்கிறார்.

அந்தக் கவுண்டரில் நிற்கிறவரின் கூலி என்ன? 2018 வரையில் மணிக்கு 10 டாலர்தான் அங்கே ஆரம்பக் கூலி. குவளையோ அப்போதே 18 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. அதாவது குவளையை விற்கிறவர், தாம் விற்கிற குவளையில் ஒன்றை வாங்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உழைக்க வேண்டும். பெட்டியைத் தூக்கி, தரையைத் துடைத்து, இரண்டு மணி நேரம்!

இந்த நிலைமை தானாக மாறவில்லை. ஆறு தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்த சர்வீஸ் டிரேட்ஸ் கவுன்சில் என்ற கூட்டமைப்பு பேச்சுவார்த்தை நடத்தியது. பேச்சு நடக்கும்போது கம்பெனி என்ன செய்தது? 2018 ஜனவரியில் ஊழியர்களுக்கு ஆளுக்கு 1,000 டாலர் போனஸ் என்று தடபுடலாக அறிவித்துவிட்டு, சங்கத்தோடு ஒப்பந்தம் முடியாத ஊழியர்களுக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்தது. கையெழுத்துப் போடு, போனஸ் தருகிறேன் என்ற தந்திரம். ஊழியர்கள் மசியவில்லை. அந்த ஆண்டிலேயே, கூலியைப் படிப்படியாக 2021-க்குள் 15 டாலராக்கும் ஒப்பந்தம் வந்தது, போனஸும் வந்தது. 2023 பிப்ரவரியில் கம்பெனி முன்வைத்த புதிய கூலித் திட்டத்தை, வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 96 பேர் நிராகரித்தார்கள். மார்ச் மாதத்தில் கம்பெனி இறங்கி வந்தது. அவ்வாண்டு முடிவுக்குள் குறைந்தபட்சம் 18 டாலர் என்று ஒப்புக்கொண்டது.

கூலி 10 டாலரிலிருந்து 18 டாலருக்கு உயர்ந்தது எந்தச் சிப்பின் மகிமையாலும் அல்ல. "முடியாது" என்று ஒன்றாகச் சொன்ன நூற்றுக்கு 96 பேரின் மகிமையால். அப்படியும் இன்று அந்தக் குறைந்தபட்சக் கூலிக்காரர் ஒரு குவளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தாக வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

கம்பெனிக்குக் கட்டுபடியாகாது என்று யாராவது கண்ணீர் விட்டால், அவர்களுக்கு ஒரு கணக்கு. 2024 நிதியாண்டில் பூங்காக்கள், ஹோட்டல்கள், கப்பல்கள் முதலியவற்றைக் கொண்ட டிஸ்னியின் பிரிவு சுமார் 3,400 கோடி டாலர் வருமானமும், 900 கோடி டாலருக்கு மேல் இயக்க லாபமும் கண்டது. பழைய குவளையில் விழும் சோடாத் தண்ணீரால் இந்த மலை கரைந்துவிடுமா?

என்ன செய்ய வேண்டும்?

குறை சொல்லுவதோடு நிற்பது நம் வேலையல்ல. குவளையை ஒழிக்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. நேர்மையான குவளையாக ஆக்கலாம். அதற்கு வழி இருக்கிறது.

ஒன்று: தங்கும் நாளுக்குத் தகுந்தபடி விலை வைக்க வேண்டும். இரண்டு இரவு தங்குகிறவன் பத்து இரவுக்காரனின் விலையைக் கொடுக்கக்கூடாது. யந்திரத்துக்கு நாளை எண்ணத் தெரியும், எண்ணட்டும்.

இரண்டு: பழைய குவளையைக் கொண்டு வருகிறவருக்கு, சிறு கட்டணத்தில் அதற்கு மறுபடியும் உயிர் கொடுக்க வேண்டும். யூனிவர்சல் பூங்காவில் குவளையைக் குறைந்த கட்டணத்துக்கு அடுத்த நாளைக்குப் புதுப்பித்துத் தருகிறார்கள். ஆகவே இது தொழில்நுட்ப ரீதியில் முடியாத காரியமல்ல, மனமில்லாத காரியம்தான். குப்பையும் குறையும், குடும்பத்தின் பணமும் மிஞ்சும்.

மூன்று: குளிர்ந்த குடிதண்ணீர் காசில்லாமல் கிடைக்கும் என்பதை, பானங்களின் விலையை எழுதியிருக்கும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும். எந்தப் பாட்டிலிலும், எந்தப் பழைய குவளையிலும் அதை நிரப்பிக்கொள்ள விட வேண்டும். தண்ணீர் கேட்டு நிற்கிற குழந்தைக்கும் அதன் தாகத்துக்கும் நடுவில் எந்த யந்திரமும் கணக்குக் கேட்கக்கூடாது.

நான்கு: "வரம்பில்லாதது" என்று எழுதினால் வரம்பில்லாமல் கொடுக்க வேண்டும். எங்கே செல்லாது, எப்போது செல்லாது என்ற வரம்புகள் இருந்தால், அவற்றைக் கோஷத்துக்குப் பக்கத்திலேயே பெரிதாக எழுத வேண்டும்.

இவை நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சமீபகால உதாரணம். 2018 மார்ச்சில் இதே ஹோட்டல்களில், தங்குகிறவர் தம் காரை இரவில் நிறுத்தி வைப்பதற்கும் தினக் கட்டணம் என்று கம்பெனி புதிதாக ஆரம்பித்தது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள், விடாமல் முணுமுணுத்தார்கள். 2023 ஜனவரியில் கம்பெனி அந்தக் கட்டணத்தை விலக்கிக்கொண்டது. கம்பெனியின் விதி கல்லில் செதுக்கியதல்ல. போட்டவர்களே எடுக்கவும் செய்வார்கள். எடுக்கும்படி கேட்க ஆள் வேண்டும்.

அதனால்தான் சொல்லுகிறோம்: பழைய குவளையோடு வரிசையில் நிற்பவனை முறைப்பதை விட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் எல்லோரும் விலைப் பலகையை நிமிர்ந்து பார்க்கட்டும். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் ஊழியர் எதிரியல்ல. அவர் தம் 18 டாலரை ஒற்றுமையால் வாங்கியவர். கவுண்டருக்கு முன்னால் நிற்கிறவர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் அதுதான்.